ரைபிள் என்னும் புரித்துப்பாக்கி: ஒரு சொல் விளக்கம்

ஜெர்மனியின் பழைய படைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும், சேகரிப்பாளர் அதன் பின்வாயை அடைக்கும் தாழை உருவி எடுத்துவிட்டு, குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பின்வாய் வழியாகக் கண்ணை வைத்துப் பார்ப்பார். 1916இல் அம்பெர்க் ஆயுதச்சாலையில் செய்யப்பட்ட கெவேர் 98 ஒன்றை அப்படிப் பார்த்தால், நன்கு பேணப்பட்டதாயின், கண்ணாடிபோல் மின்னும் உட்சுவரில் நான்கு பள்ளங்கள் ஒன்றையொன்று தொடாமல் வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டு மறுமுனை வரை ஓடுவது தெரியும். பேணப்படாததாயின், அதே பள்ளங்களின் ஓரம் மழுங்கி, அடியில் துரு கருத்துக் கிடக்கும். ரைபிள் என்ற சொல் குறிப்பது அந்தப் பள்ளங்களைத்தான். துப்பாக்கியின் நீளமோ, எடையோ, அதை ஏந்தியவர் யார் என்பதோ அந்தச் சொல்லுக்குள் இல்லை. தமிழில் அதற்குப் பெயர் தேடுபவர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வினையாக இருந்தது. பழைய பிரெஞ்சில் ரிஃப்ளே என்ற வினைக்குக் கீறுதல், சுரண்டுதல் என்று பொருள். ஜெர்மனில் வரிவரியாகப் பள்ளமிடுவதைக் குறிக்கும் ரிஃபெல்ன் அதன் உறவுச்சொல். குழலின் உட்புறத்தைக் கீறிப் பள்ளமிடும் வேலைக்கு ஆங்கிலேயர் அந்த வினையை வழங்கினார்கள். பள்ளமிட்ட துப்பாக்கி என்று நீட்டிச் சொன்னது நாளடைவில் சுருங்கி, 18ஆம் நூற்றாண்டில் பள்ளத்தின் பெயரே துப்பாக்கிக்கும் பெயராயிற்று. வெற்றிலை நட்டான் என்னும்போது இலையின் பெயர் கொடிக்கு ஆகி வருவதுபோல, இதுவும் சினையாகுபெயரே.

ஜெர்மானியரோ வேலையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளமிடுவதற்கு, நீண்ட கோலின் முனையில் கொக்கிபோன்ற சிறு வெட்டுளியைப் பொருத்தி, குழலுக்குள் செலுத்தி, கோலைச் சீராகத் திருப்பிக்கொண்டே இழுக்க வேண்டும். ஓர் இழுப்பில் மயிரிழை அளவு இரும்புதான் வரும். எத்தனையோ முறை இழுத்த பிறகே ஒரு பள்ளம் நிறைவுபெறும். அதனால் பள்ளத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ட்சூக், அதாவது இழுப்பு. பள்ளமிட்ட குழல் 'இழுக்கப்பட்ட குழல்'. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பகுதி ஃபெல்டு, அதாவது வயல். முறுக்குக்கு டிரால் என்று பெயர். தொழிலாளியின் கை செய்த வேலை இந்தச் சொற்களில் அப்படியே பதிந்திருக்கிறது.

துப்பாக்கிக்கு ஜெர்மனில் ஒரே பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பியூக்சே என்பது வேட்டைக்காரர் கையிலிருந்த, உள்ளே பள்ளமிட்ட துப்பாக்கி. ஃபிளின்டெ என்பது உட்புறம் வழவழப்பானது. பறவைகளைச் சுடச் சிறுகுண்டுகளை வீசுவது. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிய காலத்தில் அந்தக் கல்லின் பெயராலேயே அழைக்கப்பட்டது. பியூக்சேயின் வரலாறு நமக்கு நெருக்கமானது. கிரேக்கத்தில் மூடியுள்ள சிறு மரச்செப்பைக் குறித்த சொல் இலத்தீன் வழியாக ஜெர்மனுக்கு வந்து, மருந்தை அடைத்து வெடிக்கவைக்கும் குழலுக்கும் பெயராயிற்று. இன்றும் தகரடப்பாவுக்கு அதே பெயர்தான். கலம் என்றால் பாத்திரம். அதே சொல்லிலிருந்துதான் நாம் படைக்கலம் என்கிறோம். இன்று ஈழத்து எழுத்தில் சுடுகலன் என்பது இயல்பான வழக்கு. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் பாத்திரத்திலிருந்து ஆயுதத்துக்குச் சென்றிருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

படைவீரனின் துப்பாக்கிக்கு உரிய பெயர் கெவேர். வேரென் என்றால் தடுத்துக் காத்தல். அதிலிருந்து பிறந்த கெவேர் முதலில் காப்பு என்றும், பிறகு பொதுவாக ஆயுதம் என்றும், கடைசியில் தோளில் சார்த்திச் சுடும் துப்பாக்கி என்றும் பொருள் குறுகியது. பழைய விரிந்த பொருள் முற்றிலும் அழியவில்லை. இடுப்பில் தொங்கும் துப்பாக்கி முனைக் கத்தியைப் படையினர் ஸைட்டென்கெவேர், அதாவது பக்க ஆயுதம், என்றே அழைத்தார்கள். தீயணைப்புப் படையின் பெயரிலும் அதே வேர்ச்சொல் உண்டு. தமிழில் படை என்பது ஆயுதத்தையும் அதை ஏந்திய சேனையையும் ஒருங்கே குறித்ததோடு இதை ஒப்பிடலாம். ஆகவே கெவேர் என்பதை ரைபிளின் நேர்மொழிபெயர்ப்பாகக் கொள்வது பிழை. அச்சொல்லில் பள்ளமும் இல்லை, முறுக்கும் இல்லை.

பெயர் எப்போதும் பொருளை அப்படியே சொல்லிவிடுவதில்லை என்பதற்குப் பிரஷ்யப் படை நல்ல சான்று. ஸோமெர்டாவைச் சேர்ந்த டிரைசே அமைத்த, பின்வாயில் தோட்டா இட்டு, நீண்ட ஊசியால் குத்தி வெடிக்கவைக்கும் ஊசித் துப்பாக்கியை 1841இல் ஏற்றபோது, அதன் அமைப்பு வெளியே தெரியக்கூடாது என்பதற்காக 'இலகு தட்டுவெடித் துப்பாக்கி' என்று பெயரிட்டு மறைத்தார்கள். 1866இல் கோனிக்கிராட்ஸ் போர்க்களத்தில், முன்வாயில் மருந்து இடித்துக்கொண்டிருந்த ஆஸ்திரியரை எதிர்த்து அது சுட்டபோதுதான் உலகம் அதன் தன்மையை நன்கு உணர்ந்தது. அதன்பின் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ண்டார்ஃபைச் சேர்ந்த வில்ஹெல்ம் மவுசர், பவுல் மவுசர் என்னும் சகோதரர்கள் அமைத்த 11 மி.மீ. குழல்விட்டமுள்ள கெவேர் 71 வந்தது. 1888இல் வந்த கெவேர் 88 மவுசர் அமைத்ததன்று. படையின் துப்பாக்கிச் சோதனை ஆணையம் வகுத்தது. அதையும் மவுசர் என்று விலைச்சீட்டில் எழுதுவது இன்றும் நடக்கிறது. சேகரிப்பில் இறங்குபவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை இது. 1898இல் ஏற்கப்பட்ட கெவேர் 98தான் மவுசரின் பெயரை நிலைநாட்டியது. 1935இல் வந்த 98கே-யின் இறுதி எழுத்து 'குட்டை' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதன் நீளம் 1,110 மி.மீ. அதற்கு முந்திய கராபினர் 98பி பெயரளவில் குதிரைப்படைத் துப்பாக்கியானாலும், நீளத்தில் கெவேர் 98ஐப் போலவே 1,250 மி.மீ. இருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். ரைபிளுக்கு நாம் பொதுவாக எழுதும் சொல் துப்பாக்கி. இது துருக்கிய, பாரசீக வழியில் தென்னாட்டுக்கு வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, துபாக்கி என்று வழங்குகிறது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளைக் காட்டி, வள்ளுவர் காலத்திலேயே இச்சொல் இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. அங்கே துப்பு என்பது உணவு. உண்பவர்க்கு உணவை ஆக்கி, தானும் உணவாவது மழை என்பதே பொருள். துப்பு, ஆக்கி என்று பிரித்துப் படித்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்பதும் ஒலி ஒற்றுமையால் எழுந்த விளக்கமே. வந்த சொல் என்பதற்காக அதை விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை; சில நூற்றாண்டுகளாக நம் நாவில் பழகிய சொல் அது. தனித்தமிழ் விரும்புவோர் துமுக்கி என்று எழுதுகின்றனர், அதுவும் நன்றே. ஆனால் துப்பாக்கி, துமுக்கி, சுடுகலன் ஆகிய மூன்றும் பொதுப்பெயர்கள். காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த வழவழப்பான நாட்டுத் துப்பாக்கியையும், 2,000 மீட்டர் வரை குறிபார்க்க அளவு பொறித்த கெவேர் 98ஐயும் அவை வேறுபடுத்திக் காட்டா. சிலர் ரைபிளுக்குச் சுழல் துப்பாக்கி என்று எழுதுவது மேலும் குழப்பம் தரும். அந்தப் பெயர் ரிவால்வருக்கு நிலைத்துவிட்டது.

எனக்குச் சரியாகப் படும் சொல் புரித்துப்பாக்கி. புரி என்பது முறுக்கு. கயிற்றின் இழையைப் புரி என்கிறோம், திருகாணியின் சுற்றுவரியையும் புரி என்கிறோம். பட்டறைகளில் மரை என்ற சொல்லும் அதே பொருளில் உண்டு. ஆனால் மரை என்றதும் மரையாணி நினைவுக்கு வருவதால், குழலுக்குப் புரியே பொருந்துகிறது. பள்ளிச் சோதனைக்கூடத்தில் திருகு அளவியைக் கையாண்ட எவருக்கும் புரிக்கோல் என்ற சொல்லும், ஒரு முழுச்சுற்றுக்குத் திருகு நகரும் தொலைவான புரியிடைத் தூரம் என்ற சொல்லும் தெரியும். துப்பாக்கிக் குழலில் பள்ளம் ஒரு முழுச்சுற்று முடிக்கும் தொலைவும் இதே புரியிடைத் தூரம்தான். கெவேர் 98க்கு அது 240 மி.மீ.; குண்டு நொடிக்குச் சுமார் 880 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, அதே நொடிக்கணக்கில் 3,600க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, அந்தச் சுழற்சியால் கூர்மூக்குக் குண்டு காற்றில் புரளாமல் செல்கிறது.

பள்ளத்துக்குத் தச்சர் வழங்கும் காடி என்ற சொல் போதும். உயர்ந்து நிற்கும் பகுதியை ஜெர்மானியர் வயல் என்றார்கள்; நாம் அதை வரப்பு என்பதே பொருத்தம், நம் கண்ணுக்கு உயர்ந்து நிற்பது வயலன்று, வரப்புதான். முறுக்கின் பக்கத்தைச் சொல்வதற்கு வலம்புரி, இடம்புரி என்ற அழகிய சொற்கள் உள்ளன. ஆயினும் இங்கே சிறு எச்சரிக்கை வேண்டும். விலங்கியலார் சங்கின் நுனியை மேலே வைத்துப் பார்த்து இடச்சுழி என்று வகுக்கும் சங்கைத்தான், நுனியைக் கீழே பிடித்து, வாய் வலப்பக்கம் இருப்பதைக் கண்டு, நம் மரபு வலம்புரி என்கிறது. துப்பாக்கியில் பார்வை சுடுபவருடையது: பின்னாலிருந்து பார்க்கும்போது காடி முன்னே செல்லச் செல்ல வலப்பக்கமாகத் திரும்பினால் அது வலப்பக்க முறுக்கு. சங்கோடு குழம்பாதிருக்க, வலப்புரி, இடப்புரி என்று எழுதுவதை நான் விரும்புகிறேன். மவுசர் குழல்கள் வலப்புரி. அதற்கு எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஏந்திய, நம் ஊர்க் காவலர் கையிலும் நெடுங்காலம் இருந்த 303 லீ என்ஃபீல்டு ஐந்து காடியுள்ள இடப்புரி, அதன் புரியிடைத் தூரம் 254 மி.மீ.

இந்தச் சொற்கள் வெறும் பெயர்ப்பட்டியலுக்காக அல்ல. பழைய துப்பாக்கியைச் சுடுபவரின் உயிர் சம்பந்தப்பட்டவை. குழலின் உள்விட்டம் 7.9 மி.மீ. என்று ஜெர்மானியர் சொன்னது வரப்புக்கு வரப்பு உள்ள அளவு. காடிக்குக் காடி உள்ள அளவு அதைவிடக் கூடுதல், அது காலத்தால் மாறியது. கெவேர் 88க்கு முதலில் வந்த வட்டமூக்குக் குண்டின் விட்டம் சுமார் 8.07 மி.மீ.; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கூர்மூக்குக் குண்டு சுமார் 8.2 மி.மீ. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கு. பழைய குழலில் புதிய குண்டைச் சுட்டால், பருத்த குண்டு குறுகிய காடிக்குள் நெருக்குண்டு அழுத்தம் அளவு மீறி ஏறும். புதிய தோட்டாவுக்குத் திருத்தப்பட்டவற்றின் மேல் எஸ் என்ற எழுத்தைப் பொறித்தார்கள். கூர்க்குண்டு என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. எழுத்தை மட்டும் நம்பாமல், மெல்லிய ஈயக் குண்டு ஒன்றை எண்ணெயிட்டுக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மரக்கோலால் தள்ளி எடுத்து, அதில் பதிந்த காடித் தடங்களைத் திருகு அளவியால் எதிரெதிராக அளப்பதே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறை. நான்கு காடி இருப்பதால் ஒன்றுக்கு நேர் எதிரே மற்றொன்று அமையும், அளப்பது எளிது. ஐந்து காடிக் குழலில் காடிக்கு எதிரே வரப்பு வந்துவிடும். இதற்குப் பிறகும், துப்பாக்கித் தொழிலில் தேர்ந்த ஒருவர் தாழையும் தோட்டா அறையையும் சோதித்துச் சரி என்று சொல்லாமல் ஒரு குண்டும் இடக்கூடாது.

பழைய தோட்டாக்களைச் சுட்டவர் அன்றே குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதற்கும் காரணம் காடிதான். அந்தத் தோட்டாக்களின் அடியில் தீ எழுப்பும் வெடிமூடியில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கும். எரிந்தபின் அது உப்பாகிக் காடியின் மூலைகளில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளில் துருவை உண்டாக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய்.

பழம்பொருள் என்ற சொல்லுக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் தனி வரையறை வகுத்திருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம்பொருள். அங்கே கெவேர் 71 அந்த வரையறைக்குள் வரும், 1916இல் செய்யப்பட்ட கெவேர் 98 வராது. ஜெர்மனியில் பழைய படைத்துப்பாக்கிகளைக் கொண்டு சுடும் போட்டிப் பிரிவுக்கு ஓர்டோனான்ஸ்கெவேர் என்று பெயர். படைக்கு முறையாக வழங்கப்பட்ட துப்பாக்கி என்பது பொருள்.

முதலில் சொன்ன அம்பெர்க் துப்பாக்கிக்கு ஒரு சேகரிப்புச் சீட்டைத் தமிழில் எழுதினால் இப்படி அமையும்: கெவேர் 98. படைப் புரித்துப்பாக்கி. அம்பெர்க், 1916. நீளம் 1,250 மி.மீ., குழல் 740 மி.மீ. காடி நான்கு, வலப்புரி, புரியிடைத் தூரம் 240 மி.மீ. வரப்பளவு 7.9 மி.மீ., காடியளவு தனியே அளந்து குறிக்கப்பட வேண்டும். தாழிலும் குழலிலும் எண்கள் ஒத்துள்ளன. காடிகளின் ஓரம் கூர்மையாக உள்ளது.