ஜெர்மனியில் ஞாயிறு வேலைக்குக் கூடுதல் காசு கட்டாயமா?

ஜெர்மனியில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. நம் ஆட்கள் சம்பளச் சீட்டை நீட்டி அடிக்கடி கேட்பது இதுதான்: "ஞாயிறு முழுக்க வேலை பார்த்தேன், ட்சூஷ்லாக் (சம்பளத்துக்கு மேல் தரும் படி) எங்கே?"

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது: இரவுக்கு 25%, ஞாயிறுக்கு 50%, அரசு விடுமுறைக்கு 125%. எண்கள் சரிதான். ஆனால் அவை வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. முதலாளி படி கொடுத்தால் எவ்வளவு வரை வரி பிடிக்கக் கூடாது என்பதைத்தான் அவை சொல்கின்றன. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

ஞாயிறு படி தரச் சொல்லும் சட்டம் ஜெர்மனியில் கிடையாது. வேலை நேரச் சட்டம் இரவுப் பணியாளர்களுக்கு மட்டும்தான் ஈடு கேட்கிறது. அதையும் பணமாகவோ சம்பளத்துடன் கூடிய விடுப்பாகவோ தரலாம். கூட்டு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக 25% என்கின்றன, எப்போதும் இரவிலேயே வேலை என்றால் 30%.

அப்படியென்றால் ஞாயிறு காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தொழிற்சங்கம் பேசி வாங்கிய கூட்டு ஒப்பந்தத்திலிருந்து. நகராட்சி மருத்துவமனைகளில் செல்லுபடியாகும் பொதுத்துறை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை 20%, ஞாயிறுக்கு 25%. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டும் உண்டு. கணக்கிடும் மணிக்கூலி 24 யூரோ என்றால், ஞாயிறு இரவு 9 முதல் 12 வரை மணிக்கு 10.80 யூரோ கூடுதல்; நள்ளிரவு தாண்டினால் 4.80. ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் எந்த அனுபவ நிலையில் இருந்தாலும், உங்கள் சம்பளப் பிரிவின் 3ஆம் நிலை மணிக்கூலியை வைத்துத்தான் இதைக் கணக்கிடுவார்கள். சீட்டில் தொகை குறைவாகத் தெரிய இதுவே காரணமாக இருக்கலாம்.

உணவகம், துப்புரவு வேலைகளில் இருப்பவர்கள் முதலில் தங்கள் வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். எந்தக் கூட்டு ஒப்பந்தம் பொருந்தும், படி எவ்வளவு என்பதை முதலாளி எழுத்தில் தந்தாக வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வாய்ப்பேச்சை நம்பி ஞாயிறு ஷிப்டுக்குத் தலையாட்டாதீர்கள்.

குழந்தை பெறத் திட்டமிடும் செவிலியர் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வரியில்லாப் படி கைக்கு முழுசாக வரும், ஆனால் எல்டர்ன்கெல்ட் (குழந்தை பிறந்தபின் பெற்றோருக்கு அரசு தரும் உதவித்தொகை) கணக்கில் சேராது. இரவு ஷிப்டுகளால் மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிந்தாலும் குழந்தை பிறந்தபின் வரும் தொகை அந்த அளவுக்கு இருக்காது. சேமிப்பை அதற்கேற்ப முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கெடு. பொதுத்துறை ஒப்பந்தத்தில் விடுபட்ட படியை 6 மாதத்துக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும். வேறு ஒப்பந்தங்களில் கெடு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். வாயால் கேட்டால் போதாது. ஷிப்ட் அட்டவணையின் நகலோடு, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுங்கள்.