45 நாள் குட்டியை விற்கக் கூடாது: நாய் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியவை

"45 நாள் குட்டி இருக்கிறது, வேண்டுமா?" வியாசர்பாடியோ, கொளத்தூரோ, திருவொற்றியூரோ, நாய்க்குட்டி எங்கே விசாரித்தாலும் இந்தப் பேச்சுதான் காதில் விழும். விற்பவர் அதைத் தயக்கமில்லாமல் சொல்கிறார். சிறியதாக வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும் என்று வாங்குபவரும் மகிழ்கிறார். உண்மையில் அந்தக் குட்டி இன்னும் தாயின் மடியில் இருக்க வேண்டிய குட்டி. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள்.

பத்துப் பதினோரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் மகளுக்காக ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி வந்தார். "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். நான்காம் நாள் வாந்தி, பிறகு இரத்தபேதி. வாரம் முடிவதற்குள் குட்டி இறந்துவிட்டது. பார்வோ என்றார் மருத்துவர்; குட்டிகளைக் கொல்லும் குடல் தொற்றுநோய் அது. விற்றவரின் கைப்பேசி அதன்பின் எடுக்கப்படவே இல்லை. ரசீதும் கிடையாது. அந்தப் பெண் பல நாள் சாப்பிடாமல் கிடந்தது.

45 நாள் குட்டிக்கு எல்லா ஊசியும் போட்டிருக்க முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் இன்னொரு கொடிய தொற்றுநோய் ஆகியவற்றுக்கான முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்குகிறது. மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை, அதைத் திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பெரும்பாலும் மூன்று மாதத்தில் வரும். ஆகவே விற்பவரிடம் "ஊசி போட்டாயிற்றா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊசி, எந்தத் தேதியில், எந்த மருத்துவர், அடுத்தது எப்போது என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். வயதில் ஐயம் இருந்தால், பால்பற்களைப் பார்த்தே கால்நடை மருத்துவர் ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

இந்த விதிகள் பெரிய பண்ணைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விற்பனைக்காகக் குட்டி போடவைக்கும் தனிநபரும் விதியின் பார்வையில் 'பிரீடர்'தான். மொட்டை மாடியில் இரண்டு பெண் நாய்களை வைத்துக் குட்டி விற்பவரும் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய்; சான்று இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "வாரியப் பதிவு எண் என்ன?" என்பது. பதிலுக்கு அவர் கேசிஐ 'பேப்பரை' நீட்டினால் குழம்ப வேண்டாம். கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அதன் தாள் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும். அதை அரசு கொடுப்பதில்லை, விற்பனை செய்ய அது உரிமமும் ஆகாது. பேப்பர் இருந்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் இவ்வளவு என்று இரண்டு விலை சொல்லும் வழக்கத்தால், பேப்பர் இருந்தாலே எல்லாம் சரி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அடுத்தது, "தாயைப் பார்க்கலாமா?" என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் போகக் கூடாது. எலும்பு தெரிய, மடி தொங்கி, கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கும் தாயைப் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் குட்டி வாங்க மனம் வராது, வரவும் கூடாது. "தாய் வேறு வீட்டில் இருக்கிறது, நான் இங்கேயே கொண்டுவந்து தருகிறேன்" என்று பஸ் நிறுத்தத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ வரச் சொன்னால் திரும்பிவிடுங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். விற்பவரின் பதிவு எண், குட்டியின் மைக்ரோசிப் எண், தடுப்பூசி விவரம், உங்கள் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிப் அரிசிமணி அளவுதான். தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். அது நாய் எங்கே திரிகிறது என்று காட்டாது. ஸ்கேனர் வைத்துப் படித்தால் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண் ரசீதில் உள்ள எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவரும் கேட்க வேண்டும். நல்ல பிரீடர் யாரென்று எனக்கு அவர் கேட்கும் கேள்விகளில்தான் தெரியும். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வடசென்னையில் நம்மில் பலர் குடியிருப்பது ஓர் அறை வீட்டிலோ, ஹவுசிங் போர்டு குடியிருப்பிலோ, ஷீட் போட்ட மாடியிலோதான். அங்கே அன்போடு நாய் வளர்ப்பவர்கள் ஏராளம். ஆனால் சித்திரை வெயிலில் ஷீட்டுக்கடியில் நமக்கே மூச்சு முட்டும்போது, பனிப்பிரதேச ரோமத்தோடு ஒரு ஹஸ்கி என்ன செய்யும்? முகம் சப்பையான பக் எப்படி மூச்சுவிடும்? இதையெல்லாம் கேட்காமல் பணத்தை எண்ணுபவரை நம்ப வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் ஊர் இனங்கள் வெயிலைத் தாங்கும். ஆனால் அவை ஓடப் பிறந்தவை. தினமும் ஓட்டத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்காமல் அவற்றையும் விற்கக் கூடாது.

இன்னொன்றையும் பிரீடர் கேட்க வேண்டும்: "வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" தெருவில் விட மாட்டேன், உங்களிடமே திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் அவமதிக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கடந்த நாயை, கருத்தடை செய்யாமல், பதிவு பெற்ற இன்னொரு பிரீடரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது.

குட்டி வீட்டுக்கு வந்தபின் சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமம் எடுக்க வேண்டும். மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வடசென்னைக்காரர்களுக்குத் திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

ஏமாற்றப்பட்டால் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வடசென்னைக்குத் தனி ஆணையம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் ரசீது, தடுப்பூசி அட்டை, பணம் அனுப்பிய பதிவு, விற்பவரோடு பேசிய செய்திகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். குட்டி இறந்துவிட்டால், புதைக்கும் முன் இறப்புக்கான காரணத்தை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அழுகைக்கு நடுவே அது யாருக்கும் நினைவுக்கு வராது. எங்கள் தெருவிலும் வரவில்லை.