பந்தயத்துக்கு முந்தின ராத்திரி போடும் ஊசி

மேலூர், சிவகங்கை, திருப்பத்தூர், தேனி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. பல ஊர்களில் அதோடு சேர்த்துக் குதிரை வண்டிப் பந்தயமும் வைக்கிறார்கள். பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரிவு, போக வர இத்தனை மைல் என்று தூரம், கொடிப் பரிசு எல்லாம் உண்டு. மாட்டுக்காக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஜல்லிக்கட்டைத் தடை செய்த 2014 தீர்ப்பு, 2017 ஜனவரியில் தமுக்கத்தில் கூடிய கூட்டம், அதன் பிறகு வந்த சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு வரை எல்லாருக்கும் தெரியும். அலங்காநல்லூரில் ஒரு காளை வாடிவாசலுக்குள் போவதற்கு முன்னால் கால்நடை மருத்துவர் அதைப் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்தச் சட்டத் திருத்தம் காளைகளைப் பற்றியது. தார் ரோட்டில் ஓடும் குதிரையை ஓடுவதற்கு முன் யார் பார்ப்பது என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் பதில் இல்லை.

கால்நடை மருத்துவனாக என்னிடம் அடிக்கடி வருகிற ஒரு கோரிக்கையைப் பற்றித்தான் எழுத வந்தேன். பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் போன் வரும். "டாக்டர், குதிரை லேசா நொண்டுது. நாளைக்கு ஓடணும், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க." கேட்பவர் கொடுமைக்காரர் இல்லை. குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துத் தன் கையால் ஊட்டுகிறவராகத்தான் இருப்பார். அதனால்தான் இதை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்க்கப் போன ஒரு குதிரையைச் சொல்கிறேன். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கமாகக் குளம்பை நோக்கி இறங்கும் தசைநாண் இருக்கிறதே, நம் ஆட்கள் நரம்பு என்பார்கள், அது வாழைப்பழம் மாதிரி வெளியே வளைந்து வீங்கியிருந்தது. இந்தக் காலைத் தொட்டால் சூடு, அந்தக் காலைத் தொட்டால் சூடில்லை. விரலால் லேசாக அமுக்கினதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நார் நாராகக் கிழிய ஆரம்பித்துவிட்ட தசைநாண் அது. ஆறுவதற்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும், அதுவும் ஓய்வு கொடுத்தால். உரிமையாளர் கேட்டது மறுநாள் காலைக்குள் நொண்டாமல் நடக்க ஒரு மருந்து.

அப்படி மருந்து இருக்கிறது. ஃபீனைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின், மெலாக்சிகாம் என்று வலி நிவாரணிகள், டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டுகள். ஒன்றைப் போட்டால் சில மணி நேரத்தில் நொண்டல் குறையும். வலிதான் குறைந்திருக்கும், கிழிசல் அப்படியே இருக்கும். வலித்தால் குதிரை அந்தக் காலில் பாரம் வைக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளும். வலி தெரியாவிட்டால் முழு பாரத்தையும் வைத்து முழு வேகத்தில் ஓடும். ஓட்டத்தில் கால் ஒடிந்து விழுகிற பல குதிரைகளுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே சின்ன விரிசலோ வீக்கமோ இருந்திருக்கும் என்பது பந்தயக் குதிரை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கால் ஒடிந்த குதிரையை மாடு மாதிரி கட்டுப் போட்டுப் படுக்க வைக்கவும் முடியாது. பெரும்பாலும் கருணைக்கொலையில்தான் முடியும்.

மருந்துக் கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கித் தாங்களே போடுகிறவர்களும் உண்டு. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் 2006லேயே தடை செய்யப்பட்டது. அது போட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்றுதான் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2021 கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. தோல் அரிப்புக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு வாதாடியது. ஆனாலும் வெற்றி பறிக்கப்பட்டது. அந்தக் குதிரை அதே வருஷம் டிசம்பரில் பயிற்சி ஓட்டம் முடிந்த கையோடு விழுந்து செத்துப்போனது. அந்தச் சாவுக்குத் திட்டவட்டமான காரணம் பிரேதப் பரிசோதனையில் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம், 2020 மார்ச்சில், பந்தயக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த வழக்கில் 27 பேர் மீது அங்கே குற்றம் சாட்டினார்கள். ஜார்ஜ் நவாரோ என்ற பயிற்சியாளருக்கு ஐந்து வருஷம் சிறை. சோதனையில் சிக்காத மருந்துகளைத் தயாரித்து விற்ற சேத் ஃபிஷ்மேனுக்குப் பதினொரு வருஷம். அவர் ஒரு கால்நடை மருத்துவர். என் தொழிலைச் சேர்ந்த ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. குதிரையின் உடம்பில் என்ன மருந்து இருந்தாலும், யார் கொடுத்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். வேலையாள் கொடுத்தான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில்கூட, அதன் மற்றக் குறைகள் எப்படி இருந்தாலும், ஓடுகிற குதிரைக்கு மருத்துவச் சோதனையும் கேள்வி கேட்க ஆட்களும் இருந்தார்கள். நம் ரோட்டுப் பந்தயத்தில் உரிமையாளர் சாரதியைக் காட்டுகிறார். சாரதி, "முதலாளி கொடுத்தார், ஓட்டினேன்" என்கிறார். கமிட்டிக்காரர்களைக் கேட்டால், "நாங்க பரிசு மட்டும்தான் கொடுக்கிறோம்" என்கிறார்கள். குதிரைக்கென்று ஒருவரும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நோயிலும் காயத்திலும் இருக்கிற பிராணியை வேலை வாங்குவதையும், கெடுதல் செய்யும் மருந்தை வேண்டுமென்றே கொடுப்பதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இந்தத் தொகையைக் கூட்டாமல் யாரும் பயப்படப் போவதில்லை.

சரி, மருந்தே போடாத குதிரைக்கு வருவோம். ஓடி முடித்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது, மேலே ஊற்றக் கூடாது, ஊற்றினால் வயிறு இழுத்துக்கொள்ளும், கால் பிடித்துக்கொள்ளும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் ஓடும் குதிரை மணிக்கு பத்துப் பதினைந்து லிட்டர் வரை வேர்வை விடும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டுச் செய்த ஆய்வுகளிலேயே, சூடேறிய குதிரை மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கெடுதல் இல்லை, உடம்புச் சூடு வேகமாக இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. கழுத்து, முதுகு, தொடை எல்லாம் நனைய ஊற்றிக்கொண்டே இருங்கள். குடிக்கக் கேட்டால் கொடுங்கள். முந்தின ராத்திரி வலி ஊசி போட்ட குதிரையைத் தண்ணீர் காட்டாமல் நிறுத்தினால் சிறுநீரகம் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அந்த மருந்தும் நீர் வற்றிய உடம்பும் சேரவே கூடாது.

ஓடிய பிறகு மூக்கில் ரத்தம் வந்தால் "உடம்பு சூடு" என்று இளநீர் ஊற்றி விட்டுவிடுகிறார்கள். அந்த ரத்தம் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வருகிறது. அளவுக்கு மீறி ஓட்டியதில் உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்திருக்கின்றன. சிறுநீர் காப்பி நிறத்தில் போய், பின் தொடைச் சதை கல்லாக இறுகியிருந்தால் சதையே சிதைகிறது என்று அர்த்தம். ஒரு அடிகூட நடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வயசு விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தம். அந்தியூர் சந்தையில் வாங்கிவந்த குட்டியை இரண்டு வயசிலேயே வண்டியில் பூட்டிப் பழக்குகிறார்கள். வாயைத் திறந்து கீழ்த்தாடை முன்பற்களைப் பாருங்கள். நடுப்பல் இரண்டும் விழுந்து முளைப்பதே இரண்டரை வயசு வாக்கில்தான். ஓரப்பல் முளைக்க நாலரை ஆகும். முதுகெலும்பு முழுசாக முற்ற அதற்கும் மேலே ஆகும். நடுப்பல் பால்பல்லாக இருக்கிற குட்டியைத் தார் ரோட்டில் பந்தய வேகத்தில் விரட்டினால் நாலு வயசில் முட்டி போய்விடும். அப்புறம் அந்தக் குதிரை கை மாறிக் கை மாறி எங்கே போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பைக்குகளையும் கமிட்டியால் நிறுத்த முடியும். மிரண்ட குதிரை ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் மேல் திரும்பினால் சாரதியால் பிடிக்க முடியாது.

கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டுதான், பெரிய செலவில்லாத காரியங்கள். நீண்ட தூரக் குதிரையோட்டப் போட்டிகளில், ஓடி முடித்த குதிரையின் நாடி குறிப்பிட்ட நேரத்துக்குள் 64க்கு இறங்க வேண்டும், நொண்டாமல் நடந்து காட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்திருந்தாலும் பரிசு கிடையாது. சும்மா நிற்கிற குதிரைக்கு நாடி 28லிருந்து 44 வரை இருக்கும். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் யாரும் எண்ணலாம். புறப்படும் இடத்தில் ஒரு கால்நடை மருத்துவரை நிறுத்தி ஒவ்வொரு குதிரையையும் நடத்திப் பார்த்து, நொண்டுவதைத் திருப்பி அனுப்புங்கள். ஓடி முடித்ததும் நிழலில் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றி ஆற்றிவிட்டு, நாடி 64க்கு இறங்கிய குதிரைக்கு மட்டும் பரிசு என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். அந்த வரி நோட்டீஸில் இருந்தால், முந்தின ராத்திரி எனக்கு வரும் போன் பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன்.