அந்தப் படம் ஸ்லைடில் எதற்கு இருக்கிறது?

பார்வையற்றவர்களால் படிக்க முடிகிறதா என்று பிபிடிகளைச் சோதித்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்து பெரும்பாலும் தேறிவிடும், மாட்டிக்கொள்வது படங்கள்தான். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் அங்கே வந்ததும் "கிராஃபிக், பிக்சர் 4" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அங்கே ஏதோ படம் இருக்கிறது என்பதைத் தவிர கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இதற்கான வழி ஸ்லைடு செய்யும் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. பவர்பாயிண்டில் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் விளக்கம், எழுதும் பெட்டிக்கான தேர்வு வரும். கூகுள் ஸ்லைட்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஒய். பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். அதற்குள் என்ன எழுதுவது என்பதில்தான் பயிற்சி நேரம் முழுக்கக் கரைகிறது.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு பற்றிய பட்டை வரைபடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீலத்திலும் ஆரஞ்சிலும் நான்கு பட்டைகள்" என்று எழுதுபவர்கள் உண்டு. பவர்பாயிண்டைத் தானாக எழுத விட்டால் "சார்ட், பார் சார்ட்" என்பதோடு முடித்துக்கொள்ளும். இரண்டும் பொய் இல்லை, இரண்டாலும் பயனும் இல்லை. அந்த ஸ்லைடைப் போட்டவர் சொல்ல வந்தது ஆண், பெண் இடைவெளி சுருங்கியதை. அப்படியானால் அதையே எழுதலாம்: "2001 கணக்கெடுப்பில் ஆண்கள் 82.4, பெண்கள் 64.4 விழுக்காடு. 2011இல் ஆண்கள் 86.8, பெண்கள் 73.4. இடைவெளி 18 புள்ளியிலிருந்து ஏறத்தாழ 13ஆகக் குறைந்திருக்கிறது." நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, தேவையும் இல்லை. பட்டைகள் இருபது முப்பது என்றால் எண்களை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் திணிக்காமல், ஸ்லைடிலோ குறிப்புப் பகுதியிலோ அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.

ஒரே படத்துக்கு எப்போதும் ஒரே விளக்கம் என்றும் கிடையாது. மேட்டூர் அணையின் புகைப்படம் வரலாற்று வகுப்பில் வந்தால், 1934இல் கட்டி முடித்த அணையின் தோற்றத்தைச் சொல்ல வேண்டும். பாசனம் பற்றிய கூட்டத்தில் வந்தால், நீர்மட்டம் 120 அடியைத் தொட்டிருக்கிறதா என்பதே செய்தி. நன்றி சொல்லும் கடைசி ஸ்லைடில் சும்மா அழகுக்கு வைத்திருந்தால் "டெக்கரேட்டிவ்" என்று குறித்துவிட்டு நகருங்கள். மூலையில் இருக்கும் பூ அலங்காரத்தையெல்லாம் விவரித்து ஆளைக் களைப்படையச் செய்ய வேண்டாம். "இது ஒரு படம்" என்று தொடங்கவும் வேண்டாம். ஸ்கிரீன் ரீடரே அதைச் சொல்லிவிடும்.

அம்புக்குறிகளும் பெட்டிகளுமாக வரைந்த செயல்முறைப் படங்கள் இன்னொரு தொல்லை. "ரைட் ஆரோ 7, ரெக்டாங்கிள் 12" என்று ஒவ்வொன்றாக ஒலிக்கும். எல்லாவற்றையும் குரூப் செய்து, நடப்பதை வரிசையாக ஒரே விளக்கமாக எழுதுங்கள். செலக்‌ஷன் பேனையும் (ஸ்லைடில் உள்ளவற்றைப் பட்டியலிடும் பகுதி) திறந்து பாருங்கள். அந்தப் பட்டியலில் அடியில் இருப்பதுதான் முதலில் வாசிக்கப்படும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

தமிழ் ஸ்லைடுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையை அப்படியே படமாக ஒட்டுவது ஒன்று. அதைத் தட்டச்சு செய்துவிடுவதே நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அதைவிட மோசம். கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியாகத்தான் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் உச்சரிக்கும். ஆல்ட் டெக்ஸ்ட் எவ்வளவு நன்றாக எழுதினாலும், ஸ்லைடின் மற்ற எழுத்து எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் இல்லையென்றால் பாதி வேலை வீண்தான்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போதும் கவனம் தேவை. பிரிண்ட் வழியாகப் போனால் எழுதிய விளக்கமெல்லாம் உதிர்ந்துவிடும். சேவ் ஆஸ் அல்லது எக்ஸ்போர்ட் வழியாகப் போய், எது தலைப்பு, எது படம் என்று கோப்புக்குள் குறிக்கும் கட்டமைப்பு டேக்குகளுக்கான தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கோப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையற்றவருக்கு ஆல்ட் டெக்ஸ்ட் எட்டாது. அவருக்கு உங்கள் வாய்தான் வழி. "இங்க பாருங்க, இது இப்படி ஏறி இப்படி இறங்குது" என்று லேசர் புள்ளியை ஆட்டினால் அவர் எதைப் பார்ப்பார்? "2001இல் பதினெட்டு, 2011இல் பதின்மூன்று" என்று சொல்லுங்கள். பின் வரிசையில் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவரும் நிம்மதியடைவார். முடிந்தால் கோப்பை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி நல்ல விளக்கம் எழுதவைத்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. தன் ஸ்லைடைத் தானே காதால் கேட்டவர்கள்தான் மாறுகிறார்கள். விண்டோஸுக்கான என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடர் இலவசம். நிறுவி, உங்கள் பிபிடியைத் திறந்து, டேப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். அது விடாமல் பேசுவதைக் கேட்டுப் பலர் முதலில் பதறுவார்கள்; நிறுத்த இன்சர்ட், கியூ.