ஹைப்பர்ட்ரோஃபி: மிகைவளர்ச்சியா, தசைத்திரட்சியா?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் ஒரே வாரத்தில் ஒரே சொல் இரண்டு வழியாக நுழைந்தது. அண்ணன் மகன் ஜிம்மிலிருந்து வந்து, "சித்தப்பா, இந்த மாசம் முழுக்க ஹைப்பர்ட்ரோஃபிதான். மாஸ்டர் சார்ட் போட்டுக் குடுத்துட்டாரு" என்று பூரித்துப்போய் நின்றான். மூன்றாம் நாள் அண்ணனின் இதய எக்கோ அறிக்கை வந்தது. அதிலும் அதே ஹைப்பர்ட்ரோஃபி. அண்ணி பயந்துவிட்டார். "இவருக்கு நோய்னு எழுதியிருக்கிறதையா அவன் காசு கட்டி வாங்கிட்டு வர்றான்?" அண்ணி கேட்டதில் தவறே இல்லை. அன்றே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிரேக்க மொழியில் ஹூப்பர் என்றால் மேல், மிகுதி. ட்ரோஃபே என்றால் ஊட்டம். இரண்டும் சேர்ந்தால் 'மிகுந்த ஊட்டம்'. அட்ரோஃபி என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அது இதன் எதிர்ச்சொல்: ஊட்டம் இல்லாமை. ஊட்டம் கூடினால் உறுப்பு பெருக்கும், குறைந்தால் வற்றும் என்ற பழைய எண்ணம் இரண்டு சொல்லிலும் உறைந்து கிடக்கிறது. போட்டியில் வாங்கும் கோப்பையான ட்ரோஃபிக்கும் இதற்கும் உறவில்லை. பகைவர் புறங்காட்டித் திரும்பிய இடத்தில் கிரேக்கர் நாட்டிய வெற்றிச் சின்னம் அது. 'திரும்புதல்' என்பதே அதன் வேர். ஆணழகன் மேடையில் தோள்களையும் கோப்பையையும் சேர்த்தே பார்ப்பதால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இந்தச் சொல்லுக்கு ஒரு வரம்பு கட்டினார். உயிரணு ஒவ்வொன்றும் பருப்பது ஹைப்பர்ட்ரோஃபி. உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுவது ஹைப்பர்பிளேசியா. தமிழ்ச்சொல் தேடுகிறவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். நாம் 'வளர்ச்சி', 'பெருக்கம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

எடை தூக்கும்போது தசைக்குள் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு தசை என்பது இழைகளின் கட்டு. ஓர் இழை என்பது ஓர் உயிரணு. அதன் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அதற்குள்ளே அதைவிட நுண்ணிய நார்கள் அடுக்கடுக்காக நீளவாக்கில் கிடக்கின்றன. ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இழுப்பது அந்த நார்களில்தான். பாரம் ஏறும்போது இழையில் விழும் இழுவிசையை உயிரணு உணர்ந்துகொள்கிறது. புதுப் புரதம் கட்டும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு அந்த வேலை ஒரு நாள், ஒன்றரை நாள் வரை வேகமாக நடக்கும். புதிய நார்கள் பழைய நார்களின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்த துணையணுக்கள், இழையின் ஓரத்தில் ஒட்டிக் கிடப்பவை, தேவைப்படும்போது தங்கள் உட்கருவை இழைக்குக் கொடுத்து உதவுகின்றன. நாள்பட நாள்பட இழை தடிக்கிறது. இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதலில் வருவது இழுவிசை. ஊட்டம் அதற்குப் பின்னால்தான். சொல்லின் கிரேக்கப் பொருளை அப்படியே நம்பினால் தின்றாலே தசை வந்துவிடும் என்று தோன்றும். பொடி டப்பா விற்கிறவர்கள் சொல்வதும் அதுதான். புரதம் வேண்டும், மறுக்கவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் தாண்டினால் கூடுதல் பயன் பெரிதாக இல்லை என்று 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 96 கிராம். முட்டை, பால், தயிர், கடலை, பருப்பு, மீன் என்று வீட்டுச் சாப்பாட்டைத் திட்டமிட்டே அதன் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். இந்த ஊர் ராகிக் களியிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் பாரம் தூக்காதவருக்கு அந்த 96 கிராம் தசையைக் கட்டித் தராது.

பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு அவர் கனத்த எடைகளைக் கொடுத்துப் பயிற்றினார். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். இந்த முறையை ஜிம்மில் 'ப்ரோகிரெசிவ் ஓவர்லோடு' என்கிறார்கள். தமிழில் ஓவர்லோடு என்றதும் போலீஸ் நிறுத்திய லாரிதான் கண்ணில் நிற்கிறது. 'படிச்சுமை' என்று சொல்லிப் பார்த்தேன். படிப்படியாக ஏறுவது அதிலேயே தெரிகிறது.

இனி தமிழ்ச்சொல். ஹைப்பர்ட்ரோஃபிக்கு 'மிகைவளர்ச்சி' என்று எழுதுகிறார்கள். இது முன்னொட்டைப் பெயர்த்து வைத்த சொல். ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். அவருடைய "மிகைநாடி மிக்க கொளல்" என்பதில் மிகை என்றால் மிகுந்து நிற்பது, அவ்வளவுதான், குற்றச்சாயல் இல்லை. இன்றைய பேச்சில் அப்படி இல்லை. மிகை என்றால் தேவைக்கு மேல், மிகைப்படுத்தல் என்றால் பொய் கலந்தது. உழைத்து வந்த தோளை மிகைவளர்ச்சி என்றால் அதை வெட்டி எடுக்க வேண்டும் போல ஒலிக்கிறது. 'தசைப்பருமன்' என்று சொல்லலாமா என்றால், பருமனை உடல்பருமன் பிடித்துக்கொண்டுவிட்டது.

என் தேர்வு திரட்சி. 'திரண்ட தோள்' என்பது தமிழில் யாரும் கற்றுத் தராமலே வாயில் வரும் தொடர். வெண்ணெய் திரள்கிறது, மேகம் திரள்கிறது, கூட்டம் திரள்கிறது. சிதறிக் கிடந்தது ஒன்றுகூடிக் கனமும் உருட்சியும் பெறுவதே திரளுதல். நார்கள் வந்து சேர்ந்து இழை தடிப்பதை இதைவிட நெருக்கமாகச் சொல்ல எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. வினையாகவும் நிற்கும்: தசை திரள்கிறது, தசையைத் திரட்டுகிறான். கூட்டத்துக்கும் திரள் என்போமே, எண்ணிக்கை கூடுவதாகத் தோன்றாதா என்று ஒருவர் கேட்கலாம். ஹைப்பர்பிளேசியாவை 'இழைப்பெருக்கம்' என்று தனியாக வைத்துவிட்டால் அந்த ஐயம் தீரும். அட்ரோஃபிக்குத் 'தசைமெலிவு'.

பயிற்சி முடிந்ததும் கை விம்மி நிற்கிறதே, அந்த 'பம்ப்' திரட்சி ஆகாது. ரத்தமும் நீரும் வந்து தேங்குவதால் ஏற்படும் புடைப்பு; வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடுவதற்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை ஏறுவதும் திரட்சியால் அல்ல. நரம்புகள் இருக்கிற தசையைக் கூடுதலாக வேலைவாங்கப் பழகுவதுதான் அதில் பெரும்பங்கு.

அண்ணனின் அறிக்கைக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் பல ஆண்டு உயர்ந்தே இருந்தால் இதயத்தின் இடது கீழறை அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துவிடுகிறது. அங்கேயும் உயிரணு பருப்பதுதான் நடக்கிறது, அதனால் கிரேக்கச் சொல் ஒன்றே. ஆனால் தோளுக்கு இரண்டு வேலைக்கு நடுவே இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். அழுத்தம் ஏறிய இதயத்துக்கு ஒரு நொடி ஓய்வில்லை. சுவர் விறைத்து, ரத்தம் நிரம்புவதே கடினமாகிறது. இதைத் திரட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மருத்துவர் அண்ணியிடம் தமிழிலேயே சொன்னார்: "இதயச் சுவர் தடிச்சிருக்கும்மா. பிரஷர் மாத்திரையை விடாம போடச் சொல்லுங்க." இதயச் சுவர்த் தடிப்பு. அண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது.

இந்த ஊரின் பழைய பேட்டைத் தெருக்களில் கன்னடர்கள் கரடிமனை என்று சொல்லும் மண் கூடங்கள் உண்டு. மல்லுக்கும் கர்லாக்கட்டைக்குமானவை. பழைய தமிழ் அகராதிகளில் கரடிக்கூடம் என்ற சொல் இருப்பதைப் பையனிடம் காட்டினேன். அவன் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் 'ஹைப்பர்ட்ரோஃபி' என்பதை அடித்துவிட்டு எழுதியிருந்தான்: மார்பு, திரட்சி, 4 செட், 10 ரெப். செட்டும் ரெப்பும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.