தயிர்ச் சட்டியும் கிளினிக் கொப்பியும்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வரும் ஒரு தாய், சென்ற மாதம் பையிலிருந்து சிறு போத்தல் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். நல்ல பக்டீரியாக்கள் அடங்கிய கெப்சியூல். கொழும்பிலிருக்கும் உறவினர் வாங்கி அனுப்பியிருந்தார். "இதைக் குடித்தால் மனச்சோர்வு மாறுமாம் டொக்டர். அதனால் உங்கள் குளிசையை நிறுத்திவிட்டேன்" என்றார். நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமில்லை. கிளினிக் கொப்பியின் ஓரத்தை அவருடைய விரல்கள் சுருட்டுவதும் விரிப்பதுமாகவே இருந்தன.

அவர் கேள்விப்பட்டது முழுப்பொய் இல்லை. பயந்தால் வயிறு கலங்குகிறது, கவலையில் சோறு இறங்க மறுக்கிறது. குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவை நம்மவர்கள் எப்போதோ அறிந்திருக்கிறார்கள். வேகஸ் நரம்பு இரண்டுக்கும் இடையே செய்தி கடத்துகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் எனும் இரசாயனம் உடலில் உள்ளதில் ஏறத்தாழ 90 வீதம் குடலில்தான் உருவாகிறது. இதைச் சொல்லித்தான் கெப்சியூலை விற்கிறார்கள். ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

2011இல் எலிகளுக்கு லக்டோபசிலஸ் எனும் நல்ல பக்டீரியாவில் ஒருவகையைக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் தணிந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் மறைந்தது. மனிதரிடம் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மீளாய்வில், புரோபயோட்டிக் எனும் உயிருள்ள பக்டீரியாக்கள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் சிறிதளவு குறைத்தன. அவற்றுக்கு இரையாகும் நார்ப்பொருளான பிரிபயோட்டிக்கைத் தனியே கொடுத்தபோது வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே என் நம்பிக்கை போத்தலைவிட சாப்பாட்டின் மேல்தான். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் எருமைத் தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனவர்கள் நம் ஊரார். வெந்து ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடல் வரை போய் பக்டீரியாக்களுக்கு இரையாகிறது. வெங்காயத்தின் நாரும் அப்படித்தான். தயிரும் புளித்த நீரும் உயிருள்ள பக்டீரியாக்களைக் கொண்டுவருகின்றன. தயிரைக் கொதிக்கவைத்தால் அவை செத்துவிடும். சீனியும் பாணியும் அள்ளி ஊற்றினால் நீரிழிவுக்காரருக்குக் கேடு. குரக்கன், கௌபி, கீரை எல்லாம் இந்த வரிசைதான். இன்று பல வீடுகளில் காலைச் சாப்பாடு பிஸ்கட்டும் தேநீரும் ஆகிவிட்டதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

2017இல் அவுஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் உணவைத் திருத்திக்கொண்டவர்களில் 32 வீதத்தினர் நோயிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 வீதத்தினர். ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மருந்தையோ உளவளத்துணையையோ விடாமல் தொடர்ந்தவர்கள். அந்தத் தாய்க்கு நான் அழுத்திச் சொன்னதும் இதுதான். அன்றே குளிசையை மீண்டும் தொடங்கினோம். போத்தலை எறியச் சொல்லவில்லை.

நீங்களும் அப்படி ஏதாவது குடித்தால் கொப்பியோடு அதையும் கொண்டுவந்து காட்டுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே வாருங்கள்; வர முடியாவிட்டால் மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள்.