வீழ்படிவு: நடுவில் ‘ப்’ வேண்டாம்

எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் மேல்மாடிப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் வேதியியல் செய்முறைப் பதிவேட்டோடு வந்தாள். ஒரு பக்கத்தில் ‘வெண்மை நிற வீழ்ப்படிவு’, அடுத்த பக்கத்திலேயே ‘மஞ்சள் நிற வீழ்படிவு’. “‘ப்’ போட்டால் மார்க் போய்விடுமா, அங்கிள்?” வேதியியல் ஆசிரியர் விட்டுவிடுவார், தமிழ் ஐயா கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள் என்றேன்.

‘ப்’ வராது. தமிழ்ப்பாடம், தமிழ்ப்பள்ளி என்று எழுதிப் பழகிய கை, ‘ழ்’ வந்ததும் தானாக ‘ப்’ போட்டுவிடுகிறது. ஆனால் இது வினைத்தொகை. வீழ்ந்த படிவு, வீழ்கின்ற படிவு, வீழும் படிவு என முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆழ்கடலை யாரும் ‘ஆழ்க்கடல்’ என்று எழுதுவதில்லையே! சோதனைக்குழாயைப் பார்த்தால் அந்த மூன்று காலமும் தெரியும். விழுந்தது அடியில் கிடக்கிறது. விழுவது நடுவில் மிதந்து இறங்குகிறது. இன்னும் ஒரு சொட்டு விட்டால் விழப்போவது, கண்ணுக்குத் தெரியாமல் மேலே கரைசலில் இருக்கிறது.

தெளிந்த இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது அவற்றிலுள்ள அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள் கூடி, நீரில் ஏறக்குறைய கரையாத திண்மமாகப் பிரிந்தால் அதுதான் வீழ்படிவு. வண்டல் வேறு, அது ஏற்கெனவே மண்ணாக இருந்தது, தண்ணீர் ஓய்ந்ததும் தங்குகிறது. எண்ணெய்ச் செக்கின் மண்டியும் அப்படித்தான். வீழ்படிவு அந்த நொடியில் பிறப்பது.

ஆங்கிலத்தின் ‘பிரெசிபிடேட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘முன்’ என்பதும் ‘தலை’ என்பதும் சேர்ந்த சொல். தலைகுப்புற விழுவது என்று பொருள். மழைக்கும் இதே வேரின் ‘பிரெசிபிடேஷன்’ என்ற சொல்லைத்தான் ஆங்கிலம் வைத்திருக்கிறது. நாம் அதை மழைப்பொழிவு என்று பிரித்துவிட்டோம். தலைகுப்புற விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று லத்தீன் சொல்வதில்லை. தமிழ்ச்சொல் விழுவதையும் படிவதையும் சேர்த்தே சொல்கிறது. மூலத்தைவிட இது நல்ல சொல் என்பது என் கட்சி.

‘வீழ்’ பழைய சொல். ஆலமரத்தின் விழுதுக்கும் வீழ் என்று பெயர். அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தது. மரம் இன்றும் நிற்பது வீழ்களால்தான். இன்னொரு பொருள் விரும்புதல். ‘தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்’ என்ற குறளில் யாரும் கீழே விழவில்லை. ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். கலைச்சொல்லை ஆக்கியவர் இதை நினைத்தாரோ என்னவோ, வேதியியலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். கடலோரப் பகுதிகளின் கிணற்று நீரும் போர்வெல் நீரும் பாட்டில் பாட்டிலாக வரும். பார்வைக்குப் பளிங்கு. சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து, முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு. அதைச் சேர்க்காவிட்டால் கார்பனேட்டும் வெள்ளியோடு சேர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். பிறகு வெள்ளி நைட்ரேட். முதல் சொட்டிலேயே பால் கலந்தது போல ஒரு புகை. குழாயைக் குலுக்கினால் தயிராகத் திரண்டு இறங்கும். குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று வீழ்ந்து, அதாவது விரும்பி, கீழே வீழ்கின்றன. ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராம் வெள்ளி குளோரைடுகூடக் கரையாது. அம்மோனியா ஊற்றினால் மட்டும் சுவடில்லாமல் கரைந்துவிடும். அப்படியே வெயிலில் வைத்தால் கறுக்கும்.

‘அயனி’ கிரேக்கச் சொல். ‘செல்வது’ என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாயும்போது முனைகளை நோக்கிச் செல்வதால், ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹியூவெல் சொன்ன யோசனைப்படி விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1834இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உத்தராயணத்தில் இருக்கும் ‘அயனம்’ என்ற வடசொல்லுக்கும் செல்லுதல் என்றே பொருள். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால் ‘அயனி’யை மாற்றியே ஆக வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு இல்லை. சென்றுகொண்டே இருக்கும் ஒன்றை இன்னதென்று அறிய அதை வீழ்த்த வேண்டியிருக்கிறது. சல்பேட்டை வீழ்த்த பேரியம் குளோரைடு, காரீயத்துக்குப் பொட்டாசியம் குரோமேட்.

சோடியம் மட்டும் இந்த வலையில் சிக்காது. அதன் உப்புகள் பெரும்பாலும் கரைந்தே நிற்கும். அதைச் சுடரில் காட்டிப் பொன்மஞ்சள் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவேட்டிலிருந்த ‘ப்’களை எல்லாம் அழித்து முடித்தவள் நிமிர்ந்தாள்.

“சுடர் சோதனையா, சுடர்ச் சோதனையா, அங்கிள்?”

சுடரால் செய்யும் சோதனை. அதற்கு ‘ச்’ உண்டு.